நாற்பது அமர்வுக்கு முன் ஒரு டாப்ளர்

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். வலது பாதத்தில் பெருவிரலுக்கு அடியில் வந்த புண் நான்கு மாதமாக ஆறவில்லை. வாரம் மூன்று முறை கட்டு மாற்றுகிறோம். மளிகைக் கடை வைத்திருப்பதால் ஒரு நாள்கூடக் கடைக்குப் போகாமல் இருக்க அவருக்கு மனம் வருவதில்லை. மாநகரத்தில் உள்ள ஒரு மையத்தில், அழுத்தம் கூட்டிய அறைக்குள் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கும் ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் சிகிச்சையை 40 அமர்வு எடுத்தால் காலை எடுக்காமல் காப்பாற்றிவிடலாம் என்கிறார்கள். ஓர் அமர்வுக்கு 3,500 ரூபாய். மொத்தத்தையும் முன்பணமாகக் கட்டினால் தள்ளுபடி உண்டாம். நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன். தம்பியோ, காற்றடைத்துப் பயன்படுத்தும் அறை ஒன்றை இணையத்தில் வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறான். அப்பாவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இளவயதில் காசநோய் வந்து குணமானவர். நாளைக்கு நான்கைந்து பீடி பிடிப்பார். மருத்துவமனைத் தாள்களையும் புண்ணின் படங்களையும் இணைத்திருக்கிறேன். இந்தச் சிகிச்சை அப்பாவுக்குப் பொருந்துமா?
வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நகையை இப்போது அடகு வைக்க வேண்டாம். முன்பணமும் கட்ட வேண்டாம். இந்தச் சிகிச்சை ஏமாற்று வேலை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஆறாத புண்களுக்கு மருத்துவம் செய்பவன் என்ற முறையில், தகுந்த நோயாளிகளை நானே அந்த அறைக்கு அனுப்பியிருக்கிறேன். உங்கள் தந்தையார் அதற்குத் தகுந்தவரா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் முதல் பரிசோதனை, நீங்கள் அனுப்பிய பதினொரு தாள்களில் எதிலும் இல்லை என்பதுதான் என் தயக்கத்துக்குக் காரணம்.

மாவட்ட மருத்துவமனையில் அவரைப் பார்த்த அறுவைச் சிகிச்சை மருத்துவர், மூன்றாம் தாளின் அடியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: வலது பாதத்தின் மேற்புற நாடி மிக மெலிவாகத் தட்டுப்படுகிறது, கணுக்காலின் உட்புற நாடி தட்டுப்படவில்லை என்பது அதன் பொருள். அதற்குப் பக்கத்திலேயே டாப்ளர் (தமனியில் ரத்தம் ஓடுவதை ஒலியலையால் பார்க்கும் ஸ்கேன்) எடுக்கவும் என்று சுருக்கமாகக் குறித்திருக்கிறார். அந்த டாப்ளர் எடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. அதற்குப் பிந்தைய தாள்களில் மருந்துக் கட்டின் பெயர் மாறுகிறது, ஆன்டிபயாட்டிக்கின் பெயர் மாறுகிறது. நாடியைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை. நீங்கள் அனுப்பிய படங்களில் கடைசி இரண்டில், புண் இருக்கும் இடத்துக்குப் பக்கத்து விரலின் நுனி கறுத்திருப்பது போலத் தெரிகிறது. படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. வெளிச்சத்தின் கோளாறாகவும் இருக்கலாம். ஆனால் நாடி மெலிந்த காலில் விரல் நுனி கறுத்தால், அந்த விரலுக்குப் போதிய ரத்தம் போகவில்லை என்றுதான் முதலில் எண்ண வேண்டும்.

இந்த விவரம் ஏன் எல்லாவற்றையும் விட முக்கியம் என்பது விளங்க, அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். நாம் சாதாரணமாக மூச்சு விடும்போதே, நுரையீரல் நன்றாக இருந்தால், ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் ஏறத்தாழ முழு அளவுக்கு ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டுவிடுகிறது. ஆகவே எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் சிவப்பணுக்களில் கூடுதலாக ஏற்ற இடமில்லை. ஆனால் ரத்தத்தின் நீர்ப்பகுதியில், சோடா புட்டியில் வாயு கரைவதைப் போல, அழுத்தத்துக்கு ஏற்ப ஆக்சிஜன் கரையும். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கையில் 100 மில்லி ரத்தத்தில் இப்படிக் கரைந்திருப்பது 0.3 மில்லி அளவுதான். மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் அது சுமார் 6 மில்லியாக உயரும். ஓய்வில் இருக்கும் உடலின் தேவையை அதுவே ஈடுகட்டிவிடும். 1960இல் ஆம்ஸ்டர்டாமில் போரேமா என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், பன்றிகளின் சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுவதுமாக நீக்கிவிட்டு, அழுத்த அறைக்குள் அவற்றை உயிரோடு வைத்துக் காட்டினார். இந்த மருத்துவத்துறையின் நவீன வரலாறு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

புண்ணுக்கு வழக்கமாகக் கொடுக்கும் அழுத்தம் அதைவிடக் குறைவு: இரண்டு முதல் இரண்டரை மடங்கு, ஒவ்வொரு முறையும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், மொத்தம் முப்பது நாற்பது அமர்வுகள். கூடுதல் ஆக்சிஜன் கிடைத்தால் கிருமியைக் கொல்லும் வெள்ளணுக்கள் வலுப்பெறும், புதுத்தசைக்கு நாராக அமையும் கொலாஜன் நன்றாக முறுக்கேறும், நாளடைவில் புண்ணின் விளிம்பில் புதிய நுண்குழாய்கள் முளைக்கும். இவையெல்லாம் உண்மை. ஆனால் இத்தனை ஆக்சிஜனும் நுரையீரலில் ஏறி, ரத்தத்தில் கரைந்து, இதயம் தள்ளத் தள்ள, தமனி வழியாகத்தான் காலுக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த அறையில் புண்ணை ஆற்றுவது தோலின் மேல் படும் ஆக்சிஜன் அன்று. மையத்தில் இருப்பவர்களே சிலர் இதைத் தவறாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே உள்ள தமனிகள் அடைபட்டிருந்தால், மேட்டூரில் தண்ணீர் நிரம்பி வழிந்தாலும் கடைமடை வாய்க்கால் தூர்ந்து கிடக்கும் நிலைதான். டெல்டாவில் வாழும் உங்களுக்கு இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர், வேறோர் ஊரில் முப்பது அமர்வுகளை முடித்துவிட்டு வந்திருந்தார். புண் சிறிதும் குறையவில்லை. குதிகால் வரை கறுத்துவிட்டது. அவருடைய தொடைத் தமனியில் இருந்த அடைப்பை நாங்கள் அப்போதுதான் கண்டுபிடித்தோம். ஆறு வாரங்களுக்கு முன் பார்த்திருந்தால் பலூன் வைத்துத் திறந்திருக்கலாம். கால் போயிற்று. அந்த முப்பது அமர்வுகளால் அவருக்கு நேரடியாக எந்தத் தீங்கும் நேரவில்லை. சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது என்ற நிம்மதியில் கழிந்த அந்த ஆறு வாரங்கள்தான் அவருக்குத் தீங்கு செய்தன. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் அவர்தான்.

ஆகவே இந்த வாரத்துக்குள் செய்ய வேண்டியது இது. கைக்கும் கணுக்காலுக்கும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் பரிசோதனை ஒன்று உண்டு. ஆனால் நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துவிடுவதால், கணுக்கால் அளவு பொய்யாக நன்றாக இருப்பதுபோலக் காட்டும். எனவே பெருவிரலின் அழுத்தத்தையும் அளந்து எழுதித் தரும்படி கேளுங்கள். அது 30 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் கால் ஆபத்தில் இருக்கிறது, தாமதிக்கக் கூடாது. அதனுடன் இடுப்பு முதல் பாதம் வரை தமனிகளுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். அடைப்பு இருப்பதாகத் தெரிந்தால், பொது அறுவைச் சிகிச்சை மருத்துவரைத் தாண்டி ரத்தநாள அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் செல்லுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித்துறை இருக்கிறது. உங்களுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இத்துறை உண்டா என்று விசாரியுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஆஞ்சியோகிராமுக்குச் செலுத்தும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், கிரியாட்டினின் அளவை முன்கூட்டியே பார்த்துவிடுவார்கள். உங்கள் தாள்களில் உள்ள கடைசிக் கிரியாட்டினின் அளவு ஏழு மாதத்துக்கு முந்தையது. டாப்ளருக்கு ஆகும் செலவு, அந்த ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தில் மிகச் சிறு பங்குதான்.

ரத்த ஓட்டத்துக்கு அடுத்தபடியாக என்னை உறுத்துவது, உங்கள் தந்தையார் கடையில் நிற்பது. சர்க்கரையால் உணர்வு மரத்துப்போன பாதத்தின் அடியில் வரும் புண்ணுக்கு முதல் காரணமே அழுத்தம்தான். வலி இருப்பவன் நொண்டுவான். நொண்டுவதால் புண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். வலி தெரியாதவர் அதே புண்ணின் மேல் முழு எடையையும் வைத்து நாள் முழுவதும் நிற்பார். அரிசி மூட்டையை நகர்த்தும் ஒவ்வொரு முறையும், கட்டு மாற்றிய பலன் அழிந்துபோகிறது. வெளியில் போட்டுக்கொள்ளும், மெத்தென்ற ரப்பர் வைத்த எம்சிஆர் செருப்பு, புண் வராமல் தடுப்பதற்கு நல்லது. வந்துவிட்ட புண்ணை ஆற்ற அது போதாது. ரத்த ஓட்டம் போதுமானதாக இருந்து, கிருமித் தொற்றும் கட்டுக்குள் இருந்தால், முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டு எடையைப் பாதத்தின் மற்றப் பகுதிகளுக்குப் பகிர்ந்துவிடும் முறைதான் உலகெங்கும் முதலிடத்தில் வைக்கப்படுகிறது. ரத்த ஓட்டம் குறைவாக இருந்தால் அந்தக் கட்டு ஆபத்து. எனவே இங்கும் டாப்ளர்தான் முதலில். அதுவரை கடையில் ஒரு நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்துவிட்டு, எடை போடும் வேலையைத் தம்பி பார்த்துக்கொள்ளட்டும். வீட்டுக்குள்ளும் கோயில் பிரகாரத்திலும் வெறுங்காலோடு நடப்பது கூடாது. மதிய வெயிலில் காய்ந்த கருங்கல் தளம் மரத்த பாதத்தைச் சுட்டுவிடுவதையும், நோயாளிகள் இரவில் கொப்புளத்தைப் பார்த்த பிறகே அதை அறிவதையும் ஒவ்வொரு கோடையிலும் காண்கிறேன்.

எலும்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் மழுங்கிய உலோகக் கம்பி ஒன்றைப் புண்ணுக்குள் மெல்ல விட்டுப் பார்த்து, எலும்பு கடினமாகத் தட்டுப்படுகிறதா என்று அறிய வேண்டும். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது மூன்று மாதம் பழையது. எலும்பில் கிருமி புகுந்தால் எக்ஸ்ரேயில் தெரியவே இரண்டு மூன்று வாரமாகும். மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் எம்ஆர்ஐ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 9.8 என்பது அதிகம்தான். அதைப் படிப்படியாகக் குறைக்கும் பொறுப்பை அவருடைய சர்க்கரை மருத்துவரிடம் விட்டுவிடலாம்.

இனி, அந்த அறை உண்மையிலேயே பலன் தருமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. எனவே இரு பக்கத்தையும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. 2010இல் ஸ்வீடனில் 94 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அழுத்த ஆக்சிஜனும் மறு பிரிவுக்கு அதே அறையில் சாதாரணக் காற்றும், யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் கணக்கில் கொள்ளப்பட்டவர்களுள், ஆக்சிஜன் பெற்ற 48 பேரில் 25 பேருக்குப் புண் ஆறியிருந்தது. காற்றைப் பெற்ற 42 பேரில் 12 பேருக்குத்தான் ஆறியிருந்தது. நல்ல வேறுபாடு. மையங்கள் காட்டும் விளம்பரத் தாள்களில் பெரும்பாலும் இந்த ஆய்வுதான் இருக்கும். ஆனால் 2016இல் கனடாவின் டொராண்டோவில் 103 பேரிடம் இதே முறையில் முப்பது அமர்வுகள் கொடுத்துப் பார்த்தபோது, ஆறியவர்களின் விகிதம் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே, ஐந்தில் ஒருவர் என்ற அளவில், இருந்தது. அந்த ஆய்வில் பன்னிரண்டு வாரங்கள்தான் பின்தொடர்ந்தார்கள், காலை எடுக்க வேண்டிய நிலை வந்ததா என்பதைப் படங்களையும் குறிப்புகளையும் வைத்தே முடிவு செய்தார்கள் என்ற குறைகளைப் பலர் எடுத்துக்காட்டினார்கள். அந்தக் குறைகள் நியாயமானவையே என்றாலும், முடிவை அவற்றைக் கொண்டு தள்ளிவிட முடியாது.

உங்கள் தந்தையாரின் நிலைக்கு மிக அருகில் இருப்பது 2018இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு. ரத்த ஓட்டம் குறைந்த காலில் சர்க்கரைப் புண் உள்ள 120 பேரில் பாதிப் பேருக்கு வழக்கமான மருத்துவத்தோடு நாற்பது அமர்வுகள் வரை கொடுத்தார்கள். ஓராண்டில் கால் தப்பியவர்கள் வழக்கமான மருத்துவத்தில் 47 பேர், அறையையும் சேர்த்தவர்களில் 53 பேர்; புண் ஆறியவர்கள் 28, 30. இந்தச் சிறு வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதுதான் புள்ளியியல் சொல்வது. இந்த ஆய்வில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது வேறொன்று: அறைக்கு அனுப்பப்பட்டவர்களில் 35 விழுக்காட்டினரால் திட்டமிட்டபடி சிகிச்சையை முடிக்க இயலவில்லை. இவர்கள் முதியவர்கள், பல நோய் உள்ளவர்கள். எட்டு வாரம் நாள்தோறும் பயணம் செய்து இரண்டு மணி நேரம் அடைந்து கிடப்பது அவர்களுக்கு எளிதன்று. திருவாரூர்ப் பக்கத்திலிருந்து மாநகரத்துக்குப் போய்வருவதோ அங்கே வாடகைக்குத் தங்குவதோ உங்களுக்கு எப்படி இயலும் என்பதையும், அந்தச் செலவு 3,500 ரூபாய்க்குள் அடங்கவில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஸ்வீடன் ஆய்வில் பலன் தெரிந்ததற்கு என் பார்வையில் ஒரு காரணம் உண்டு. அதில் சேர்க்கப்பட்டவர்களுக்குப் பாதம் வரை ரத்த ஓட்டம் போதுமானதாக இருந்தது, அல்லது தமனியைச் சீர்செய்ய வழியில்லை என்று ரத்தநாள நிபுணர் முன்பே முடிவு செய்திருந்தார். அதாவது தமனியைப் பற்றிய கேள்விக்கு விடை கண்ட பிறகே அவர்கள் அறைக்குள் போனார்கள். சர்க்கரைப் பாதத்துக்கான பன்னாட்டுக் குழு 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே வேறு சொற்களில் கூறுகிறது: ரத்த ஓட்டக் குறையால் வந்த புண், முறையான மருத்துவத்துக்கு ஆறாதபோது, வசதி ஏற்கெனவே இருக்கும் இடத்தில், துணைச் சிகிச்சையாக இதைக் கருதலாம் என்கிறது. கருதலாம் என்பதுதான் அதன் சொல். கட்டாயம் செய்ய வேண்டும் என்பதன்று. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடு இதற்குப் பணம் தருவதற்கு, புண்ணின் தீவிரத்தைத் தரம் பிரிக்கும் வாக்னர் அளவுகோலில் அது 3 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், முறையான மருத்துவத்தில் குறைந்தது 30 நாள் எந்த முன்னேற்றமும் இருந்திருக்கக் கூடாது என்கிறது. அந்த முறையான மருத்துவத்தில் முதலாவதாக அது குறிப்பிடுவது ரத்த ஓட்டத்தை ஆராய்ந்து சீர்செய்வதைத்தான்.

உங்களுக்கு மையம் கொடுத்த தாளில் வாக்னர் 2 என்று இருக்கிறது. அதாவது புண் ஆழமானது, ஆனால் எலும்பில் தொற்றோ சீழ்க்கட்டியோ இல்லை என்று பொருள். அது சரியென்றால் அந்த அளவுகோலின்படி அறைக்கே இடமில்லை. விரல் நுனியின் கறுப்பு உண்மையில் அழுகல்தான் என்றால் அது 4. அப்போது அவசரமாக ரத்தநாள நிபுணரைப் பார்க்க வேண்டுமே தவிர மையத்தை அல்ல. இரண்டில் எது என்று ஒருவர் நேரில் பார்த்துத் தீர்மானிக்காமல் நாற்பது அமர்வு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

தமனி சரியாக இருந்து, அல்லது சரிசெய்யப்பட்டு, எலும்பும் தொற்றும் கவனிக்கப்பட்டு, கால் ஓய்வில் வைக்கப்பட்டு, அதன் பிறகும் நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியளவுக்குக்கூடக் குறையவில்லை என்றால், அப்போது இந்தச் சிகிச்சையைப் பற்றி நான் உங்களோடு ஆர்வமாகவே பேசுவேன். அந்தக் கட்டத்தில் புண்ணைச் சுற்றியுள்ள தோலில் ஒட்டும் சிறு உணரியைக் கொண்டு ஆக்சிஜன் அளவைப் பார்க்க வேண்டும். சாதாரணக் காற்றில் அது 40 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அந்தத் திசு ஆக்சிஜனுக்கு ஏங்குகிறது. அறைக்குள் அழுத்தத்தில் 200ஐத் தாண்டினால் ஆக்சிஜன் அங்கே போய்ச் சேர்கிறது, பலன் கிடைக்க வாய்ப்புண்டு. தாண்டாவிட்டால் நாற்பது அமர்வுக்குப் பதிலாக ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். இந்தக் கருவி உங்கள் மையத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். அவர்களின் பதிலிலிருந்தே பலவற்றை அறிந்துகொள்வீர்கள்.

அடுத்தது, உங்கள் தந்தையாரின் உடல் இந்த அறையைத் தாங்குமா என்பது. என் முதல் கவலை அவருடைய நுரையீரல். காசநோய் குணமானாலும் வடுக்களையும் சில வேளை காற்றுப் பைகளையும் விட்டுச் செல்லும். அறையின் அழுத்தத்தைக் குறைத்து வெளியே கொண்டுவரும்போது, உள்ளே அடைபட்ட காற்று இரண்டரை மடங்கு வரை விரியும்; வெளியேற வழியில்லாத பை வெடித்தால் நுரையீரல் சுருங்கி உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே மார்பு எக்ஸ்ரே போதாது, சிடி ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் அவரை உள்ளே அனுப்பக் கூடாது. மையத்தின் விண்ணப்பத்தில் காசநோய் என்ற கட்டத்தில் இல்லை என்று குறிக்கப்பட்டிருக்கிறது. கேட்காமலே நிரப்பினார்களா, அல்லது குணமாகிவிட்டது என்று நீங்களே விட்டுவிட்டீர்களா என்று தெரியவில்லை, எதுவாயினும் திருத்துங்கள். இதயத்தைப் பொறுத்தவரை ஸ்டென்ட் ஒரு தடையன்று. ஆனால் இந்த அழுத்தத்தில் ரத்தக் குழாய்கள் சுருங்கி இதயத்தின் சுமை கூடுவதால், எக்கோ பரிசோதனையில் இதயத்தின் தள்ளும் திறன் மிகவும் குறைந்திருந்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். மூன்றாண்டுக்கு முந்தைய எக்கோவை நம்ப வேண்டாம்.

இன்சுலின் போடுபவருக்கு அறைக்குள் சர்க்கரை இறங்குவது வழக்கம். ஒவ்வொரு முறையும் உள்ளே போகுமுன் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். சாப்பிடாமல் போகக் கூடாது. காதடைப்பு பலருக்கும் வரும், எச்சில் விழுங்கியும் மூக்கைப் பிடித்து ஊதியும் சமாளிக்கலாம். சளி பிடித்திருக்கும் நாளில் போகாமல் இருப்பதே நல்லது. சில வாரங்களில் தூரப்பார்வை மங்கலாம். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் அது பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், நடுவில் புதுக் கண்ணாடி வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். ஆக்சிஜன் மிகுந்து வலிப்பு வருவது அரிது, ஆனால் வரும். அதனால்தான் அறைக்கு வெளியே பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் இருந்தாக வேண்டும். பீடியைப் பற்றி நான் கடுமையாகவே சொல்கிறேன்: புகைக்கும் ஒவ்வொரு முறையும் பாதத்தின் நுண்குழாய்கள் சுருங்குகின்றன. காலையில் அறைக்குள் ஆக்சிஜன் ஏற்றிவிட்டு மாலையில் கடை வாசலில் பீடி பற்றவைப்பவருக்கு நான் இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைப்பதே இல்லை.

தம்பியின் யோசனைக்கு வருகிறேன். வீட்டில் வைக்கும் மென்சுவர் அறைகள் சுமார் 1.3 மடங்கு அழுத்தம்தான் தாங்கும். அதற்குள் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் உடலுக்குக் கிடைப்பது, மருத்துவமனைக் கட்டிலில் படுத்து மூக்கில் சிறு குழாய் வைத்து 27 விழுக்காடு ஆக்சிஜன் பெறுவதற்குச் சமம். நான் மேலே சொன்ன ஆய்வுகளுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதைச் சரிக்கட்ட ஆக்சிஜன் உருளையை இணைத்துக்கொள்ளச் சிலர் சொல்லித் தருகிறார்கள்; அது நெருப்போடு விளையாடுவது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ட்ராய் என்னும் ஊரில், மையம் ஒன்றின் அழுத்த அறையில் தீப்பிடித்து ஐந்து வயதுச் சிறுவன் உள்ளேயே இறந்தான். தூய ஆக்சிஜனில் ஒரு பொறி போதும். நல்ல மையங்கள் நோயாளியின் உடையை மாற்றித் தூய பருத்தி உடை கொடுப்பதும், கைபேசியையும் தீப்பெட்டியையும் வாங்கி வைத்துவிடுவதும், தலையில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்புவதும் இதனால்தான். உங்கள் தந்தையார் தேங்காய் எண்ணெய் தடவாமல் வெளியே கிளம்பமாட்டார் என்றால், அதை இப்போதே அவரிடம் பேசிவிடுங்கள்.

இதே அறை ஐயத்துக்கு இடமின்றி உயிர்காக்கும் நேரங்களும் உண்டு. ஆழ்கடலில் மூழ்கிவிட்டு அவசரமாக மேலேறியதால் ரத்தத்தில் குமிழ் தோன்றிக் கைகால் விளங்காமல் வருபவரை எந்த ஆய்வையும் எதிர்பாராமல் உடனே உள்ளே அனுப்புவோம். கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பின் ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்ப்பையில் ரத்தம் கசிபவர்களுக்கும் பலன் தெரிந்திருக்கிறது. ஒரு சிகிச்சை சில நோய்களில் அருமையாக வேலை செய்வதால் எல்லாப் புண்ணுக்கும் அது பொருந்தும் என்று ஆகிவிடாது. முதுமையைத் தள்ளிப்போடும், ஆட்டிசத்தைக் குணமாக்கும் என்றெல்லாம் அதே மையத்தின் விளம்பரத் தாளில் அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு, பாதத்தைப் பற்றி அவர்கள் சொல்வதையும் நான் இருமுறை யோசித்தே ஏற்பேன்.

பிறகு ஒரு நாள் மையத்துக்குப் போகும் நிலை வந்தால், பணத்தை அமர்வுக்கு அமர்வு கட்டுவதாகச் சொல்லுங்கள். தள்ளுபடி போனால் போகட்டும். பதினைந்தாம் அல்லது இருபதாம் அமர்வில் புண்ணை அளந்து, குறையவில்லை என்றால் நிறுத்திவிடுவோம் என்று முதல் நாளிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முழுத்தொகையும் முன்பே கைக்கு வந்துவிட்ட இடத்தில் நிறுத்தச் சொல்ல யாருக்கும் நாவெழாது.

காய்ச்சல், நடுக்கம், பாதம் சிவந்து வீங்குதல், துர்நாற்றம், கறுப்பு பரவுதல், படுத்திருக்கும்போது காலில் வலி வந்து தொங்கவிட்டால் குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் டாப்ளருக்கான தேதிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மற்றபடி, பரிசோதனை முடிந்ததும் கணுக்கால், பெருவிரல் அழுத்த எண்களையும் டாப்ளர் அறிக்கையின் கடைசிப் பத்தியையும் எனக்கு அனுப்புங்கள். புண்ணின் படத்தை எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து, சன்னலோரப் பகல் வெளிச்சத்தில், இரண்டாம் விரலின் நுனியும் தெரியும்படி எடுங்கள்.